கோதுமையை எப்போது நிறுத்துவது? குழந்தைக்கு சீலியாக் இருக்குமோ என்று கேட்பவர்களுக்கு

என் மகளுக்கு இரண்டே கால் வயதில் சீலியாக் நோய், அதாவது கோதுமையில் உள்ள ஒரு புரதத்தால் சிறுகுடல் கெடும் நோய், உறுதியானது. கணவரின் வேலைக்காக அப்போது நொய்டாவில் இருந்தோம். இப்போது கோவையில் இருக்கிறோம், அவளுக்கு ஆறு வயது. இந்த நாலு வருஷத்தில் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நிறைய பேர் போனில் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். கேட்பவர்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. மகளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள் சொன்னது, நான் தேடிப் படித்தது, என் அடுப்படியில் பட்டுத் தெரிந்துகொண்டது, இவைதான் இங்கே இருக்கின்றன. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் ஒரே தப்பைச் செய்கிறார்கள். சோதனைக்கு முன்னாலேயே கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் உறுதியான பிறகு, "கொஞ்சம்தானே" என்று கொடுக்கிறார்கள். நடக்க வேண்டியது அப்படியே தலைகீழாக.

"பொண்ணு சாப்பிடறா, ஆனா எடையே ஏறல. வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கு. சீலியாக்கா இருக்குமோ?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சின்னக் குழந்தைகளிடம் இது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள், கோதுமை சாப்பிடத் தொடங்கிய சில மாதங்களில் தலைகாட்டும். நாற்றமடிக்கும், எண்ணெய்ப் பசையுள்ள மலம் அடிக்கடி போவது, வயிறு உப்பிக் கைகாலும் பின்புறமும் வற்றிப்போவது, எப்போதும் சிணுங்கல், சாப்பாட்டில் விருப்பம் போய்விடுவது ஆகியவை பாடப்புத்தக அடையாளங்கள். என் மகளின் ஜட்டி இடுப்பில் நிற்காமல் நழுவும், வயிற்றில் மட்டும் எலாஸ்டிக் தடம் பதிந்திருக்கும். மாமியார் அதைப் பார்த்து, "சப்பாத்திய வயித்துலயே வச்சிருக்கா" என்று சிரிப்பார்.

எல்லாக் குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு இருக்க வேண்டும் என்றில்லை. சிலருக்கு மலச்சிக்கல் வரும். சிலருக்கு இரும்புச்சத்து சிரப் மாதக்கணக்கில் கொடுத்தும் ரத்தசோகை தீராது. உயரம் ஏறாததைத் தவிர வேறு ஒன்றுமே தெரியாத குழந்தைகளும் உண்டு.

"கோதுமை அலர்ஜின்னு சொல்றாங்களே, அதுதானா இது?"

அது வேறு, இது வேறு. அலர்ஜியில் கோதுமை சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் வரும். சீலியாக்கில் கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளுட்டன் என்ற புரதம் உள்ளே போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உள்சுவர் தேங்காய்ப்பூ துண்டு மாதிரி இருக்கும். அதிலுள்ள இழைகள்தான் பள்ளிப் பாடத்தில் படித்த குடலுறிஞ்சிகள். சீலியாக்கில் அவை தேய்ந்து, பழைய துண்டு மாதிரி வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் எவ்வளவு ஊட்டினாலும் சத்து உறிஞ்சப்படாமல் வெளியே போகும். "சாப்பிடறா, ஆனா ஏறல" என்பதன் பொருள் இதுதான்.

"எங்க பரம்பரையே ஒல்லி. எவ்வளவு குறைஞ்சா பயப்படணும்?"

ஒரு நாள் எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தடுப்பூசி அட்டையில் வளர்ச்சிக் கோடு இருக்கும், அதைப் பாருங்கள். பிறந்த எடை ஐந்து மாதத்தில் இரண்டு மடங்காகவும் ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆவது வழக்கம். இரண்டாம் வருடத்தில் சுமார் இரண்டரை கிலோ ஏறும், உயரம் 12 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடும். பரம்பரை ஒல்லியான குழந்தையும் ஏறும். கீழ்க்கோட்டிலேயே ஏறும், ஆனால் கோட்டை விட்டு இறங்காது. முன்பு ஒரு கோட்டில் போய்க்கொண்டிருந்த குழந்தை இரண்டு கோடு கீழே விழுந்தால் அதைப் பரம்பரைக் கணக்கில் எழுதக்கூடாது.

என் மகள் ஒரு வயதில் 8.6 கிலோ, இரண்டு வயதில் 8.7. ஒரு வருடத்துக்கு நூறு கிராம். இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் நடு அளவு 11.5 கிலோ, 9 கிலோவுக்குக் கீழே போனால் எடைக்குறைவு. நாங்களும் "அப்பா மாதிரி ஒல்லி" என்றுதான் எட்டு மாதம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

"இது சப்பாத்தி திங்கிற ஊர்க்காரங்க வியாதிதானே? நம்ம பக்கம் எங்க வரும்?"

பாதி சரி. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளிலும் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கில் ஆயிரம் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு சீலியாக் இருந்தது. தெற்கில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். ஆனால் இந்த நோய்க்கு வழிவிடும் மரபணுக்கள் தெற்கிலும் கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தன. வித்தியாசம் தட்டில் இருந்தது. அவர்கள் சாப்பிடும் கோதுமையில் பத்தில் ஒரு பங்குகூட நம்மவர்கள் சாப்பிடவில்லை.

நம் தட்டும் மாறிக்கொண்டுதான் வருகிறது. காலையில் பிஸ்கட், பள்ளிக்கு பிரெட், ராத்திரி சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. அதோடு, அபூர்வம் என்பதாலேயே நம் பக்கத்தில் டாக்டருக்கும் சட்டென்று தோன்றாது. தொடர்ந்து எடை ஏறாத குழந்தை என்றால், "சீலியாக் டெஸ்ட் ஒன்னு பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேட்பதில் தப்பில்லை.

"சந்தேகம் வந்ததுமே கோதுமை, மைதா, ரவை எல்லாத்தையும் நிறுத்திட்டேன். நல்லதுதானே அக்கா?"

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். சீலியாக்குக்கான ரத்தப் பரிசோதனை, குளுட்டன் உள்ளே போவதால் உடம்பு தனக்கு எதிராகவே கிளப்பும் எதிர்பொருள்களைத் தேடுகிறது. குடலில் எடுக்கும் சதைத் துணுக்கு, குளுட்டன் செய்த சேதத்தைத் தேடுகிறது. கோதுமையை நிறுத்தினால் இரண்டும் மெல்ல மறையும். நோய் இருந்தும் ரிப்போர்ட் "இல்லை" என்று வரும்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. முதலில் பார்த்த டாக்டர் எந்தச் சோதனையும் எழுதாமல், "கோதுமையை நிறுத்திப் பாருங்க, சரியானா அதுதான்" என்றார். மூன்று வாரம் நிறுத்தினோம். வயிறு வடிந்தது, மகள் சிரித்தாள், எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்துப் பார்த்த குழந்தைகள் குடல்நோய் மருத்துவர், "சரியானது சந்தோஷம், ஆனா இதை வச்சு ஆயுசு முழுக்கப் பத்தியம் எழுத முடியாது. திரும்ப ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டார். தினமும் ஒரு சப்பாத்தி, இரண்டு மாதம். திரும்ப வயிறு வீங்கியது, திரும்ப ராத்திரி அழுகை. தெரிந்தே ஊட்டிய அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்கும். சோதனை முடியும்வரை குழந்தை வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடட்டும்.

"ஏற்கெனவே நிறுத்தி ரொம்ப நாள் ஆச்சு. இப்ப என்ன பண்றது?"

நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்க வேண்டாம். நிறுத்திச் சில வாரம்தான் ஆகியிருந்தால் ரத்தத்தில் இன்னும் தடயம் இருக்கலாம், உடனே போய்க் கேளுங்கள். பல மாதம் ஆகியிருந்தால் மறுபடி கோதுமை கொடுத்துச் சோதிப்பதை மருத்துவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கும், பருவமடையும் வயதில் வேகமாக வளரும் பிள்ளைக்கும் அதைப் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள்.

அந்த நிலையில் மரபணுப் பரிசோதனை ஒன்று உதவும். டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு மரபணு வகையுமே இல்லை என்றால் சீலியாக் அநேகமாகக் கிடையாது என்று முடிவு கட்டலாம். இருந்தால் மட்டும் நோய் என்று ஆகாது. மக்களில் மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது.

"என்ன டெஸ்ட் எடுக்கணும்? ரத்தம் மட்டும் போதுமா?"

முதலில் டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை. அதோடு மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துக் கேளுங்கள். ஐஜிஏ என்பது எதிர்பொருளில் ஒரு வகை. இந்த இரண்டாவதைப் பல இடங்களில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஏ குறைவாக இருக்கும். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அப்படி. அவர்களுக்கு டிடிஜி-ஐஜிஏ எப்போதும் "இல்லை" என்றே காட்டும், ஐஜிஜி என்ற இன்னொரு வகை எதிர்பொருளைத் தேடும் சோதனைதான் எடுக்க வேண்டும்.

ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி, டிடிஜி அளவு இயல்பின் மேல் எல்லையைப் போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு முறை எடுத்த ரத்தத்தில் ஈஎம்ஏ என்ற இன்னொரு எதிர்பொருள் சோதனையும் "உண்டு" என்று வந்தால், எண்டோஸ்கோபி இல்லாமலே முடிவு சொல்லலாம். அதற்குக் குறைவாக இருந்தால் எண்டோஸ்கோபி வேண்டும். நம் நாட்டில் சில மருத்துவர்கள் எப்படி இருந்தாலும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்பார்கள். ஆயுள் முழுக்கத் தொடரப்போகும் பத்தியம் ஆயிற்றே.

"இவ்வளவு சின்னக் குழந்தைக்கு எண்டோஸ்கோபியா? மனசே வரல."

வராதுதான். மயக்கம் கொடுத்துச் செய்வார்கள். குழாய் உள்ளே போய் வரப் பத்துப் பதினைந்து நிமிடம். சிறுகுடலின் தொடக்கத்தில் நாலைந்து இடங்களில் அரிசிக் குருணை அளவுக்குத் துணுக்கு எடுப்பார்கள். சேதம் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் ஒரே துணுக்கு போதாது. என் மகளுக்கு அதில் வலி ஒன்றும் தெரியவில்லை. வெறும் வயிற்றோடு வைத்திருந்த அந்தக் காலை ஆறு மணி நேரம்தான் பெரிய பாடு. முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எடை இறங்கிட்டே போனா?"

கோதுமையைத் தொடர்வது வேறு, பட்டினி போடுவது வேறு. சோற்றில் நெய், பருப்பு, முட்டை, வாழைப்பழம், வேர்க்கடலையை நைசாக அரைத்துக் கலந்த கஞ்சி என்று எண்ணெயும் புரதமுமாகச் சேருங்கள். இரும்பு, வைட்டமின் டி, பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றின் அளவையும் அதே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு முறை ஊசி குத்த வேண்டியதில்லை.

ஆனால் விடாத வயிற்றுப்போக்கு, வாந்தி, கண் குழிந்து சிறுநீர் குறைவது, கழுத்து நிற்காமல் துவள்வது, காலில் வீக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். அபூர்வமாக சீலியாக் முற்றி, பொட்டாசியம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகும். மிகவும் வற்றிப்போன குழந்தைக்கு வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து. அளவை மருத்துவமனையில் நிர்ணயிக்கட்டும்.

"டெஸ்ட் நெகட்டிவ்னு வந்திருச்சு. ஆனா எடை ஏறலையே?"

முதலில் மேலே சொன்ன இரண்டையும் சரிபாருங்கள். சோதனையின்போது குழந்தை உண்மையில் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்ததா? மொத்த ஐஜிஏ பார்த்தார்களா? இரண்டும் சரி என்றால் வேறு காரணம் தேட வேண்டும். ஜியார்டியா என்ற கிருமி, பால் புரத ஒவ்வாமை, சிறுநீர்த் தொற்று, தைராய்டு, காசநோய், இதயக் கோளாறு என்று பட்டியல் நீளம். பல வீடுகளில் காரணம் மிகச் சாதாரணமானது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் பால் குடித்துவிட்டுச் சோற்றைத் தொடாத குழந்தை, அல்லது தண்ணியாகக் கரைத்த கஞ்சி. எல்லா ஒல்லிக் குழந்தைக்கும் சீலியாக் என்று நான் நினைப்பதாக ஒரு தோழி கேலி செய்தாள். அப்படி இல்லை. நான் பேசிய அம்மாக்களில் முக்கால்வாசிப் பேரின் பிள்ளைகளுக்குக் கடைசியில் அது இல்லை.

"சரி, உறுதியாயிடுச்சு. இனி என்னதான் சமைக்கிறது?"

நொய்டாவில் உணவு ஆலோசகர் எங்களிடம், "நீங்க மதராஸியா? அப்போ பாதிக் கஷ்டம் குறைஞ்சது" என்றார். உண்மை. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, பொங்கல், கொழுக்கட்டை, அடை, சோறு, பருப்பு, காய், முட்டை, மீன், கறி, பால், பழம் எதிலும் குளுட்டன் கிடையாது. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, மக்காச்சோளம் எல்லாம் சரி. பஞ்சாபிக் குடும்பம் ஒன்று எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தது. அவர்கள் பையனுக்கும் இதே நோய். ரொட்டி இல்லாத சாப்பாட்டை அந்தப் பாட்டியால் சாப்பாடு என்றே ஏற்க முடியவில்லை. நான் இட்லி மாவு கொடுப்பேன், அவர் மக்காச்சோள ரொட்டி தட்டக் கற்றுக்கொடுத்தார்.

வெள்ளை அரிசியிலேயே நின்றுவிடாதீர்கள். குடல் ஆறும் காலத்தில் இரும்பும் கால்சியமும் தேவை. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. குளுட்டன் இல்லாத பிரெட், பிஸ்கட் பாக்கெட்டுகள் விலை அதிகம், சத்தும் குறைவு. பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"ரவை கோதுமையா? சம்பா கோதுமை நாட்டு ரகம்தானே? ஓட்ஸ்?"

ரவை கோதுமைதான். சேமியா, மைதா, பரோட்டா, ரஸ்க், பன், நூடுல்ஸ் எல்லாம் கோதுமைதான். என் சித்தி ஒருத்தி, "கோதுமையே கொடுக்கலடி, ரவா உப்புமாதான்" என்று சத்தியம் செய்தாள். மைதாவும் ரவையும் எதிலிருந்து வருகின்றன என்று பலர் யோசித்ததே இல்லை, அவளைக் குறை சொல்ல முடியாது. சம்பா கோதுமையும் கோதுமை இனமே, நாட்டு ரகம் என்பதால் குளுட்டன் போய்விடாது. பார்லியும் கூடாது. திருநெல்வேலி அல்வா கோதுமைப்பாலில் கிண்டுவது, அதுவும் போச்சு. எனக்கு அதில்தான் துக்கம்.

ஓட்ஸ் தன்னளவில் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் கோதுமை அரைக்கும் ஆலையிலேயே தயாராவதால் கலப்படம் இருக்கும். முதல் வருடம் தொடாமல் இருப்பது நல்லது. பிறகு மருத்துவரைக் கேட்டு, குளுட்டன் இல்லை என்று அச்சிட்டதை மட்டும் வாங்கலாம்.

"எடை ஏறறதுக்கு சத்துமாவு, ஹார்லிக்ஸ் கொடுக்கலாமா?"

இதில்தான் ஏமாறுவோம். அங்கன்வாடி சத்துமாவில் கோதுமை சேர்கிறது. கடை ஹெல்த் மிக்ஸ்களில் பெரும்பாலும் கோதுமை, சம்பா கோதுமை, பார்லி எல்லாம் வரிசையாக நிற்கும். ஹார்லிக்ஸ், பூஸ்ட், போர்ன்விட்டா மூன்றிலும் மால்ட் உண்டு, மால்ட் என்றால் பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. மற்றக் குழந்தைகளுக்கு நல்ல அங்கன்வாடி மாவு உங்கள் குழந்தைக்கு மட்டும் விஷம் என்று அங்கே பொறுமையாகச் சொல்ல வேண்டியிருக்கும். கேழ்வரகு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, வேர்க்கடலை வறுத்து வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்ளுங்கள். ஏன் மிக்சி என்பது அடுத்த பதிலில்.

"கோதுமையே வாங்கறதில்ல. அப்புறமும் எப்படி உள்ள போகுது?"

முதல் திருடன் பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள். கட்டியிலும் அப்படியே. சாம்பார், ரசம், மோர் மிளகாய், ஊறுகாய், இட்லிப் பொடி என்று எல்லாவற்றிலும் அது ஒரு சிட்டிகை விழுகிறது. நான் மூன்று மாதம் சப்பாத்திக்கட்டையைப் பரண்மேல் போட்டுவிட்டுத் தினமும் ரசத்தில் கோதுமை தூவிக்கொண்டிருந்தேன். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கிடைக்கிறது, பார்த்து வாங்குங்கள். கிடைக்காத வாரம் பூண்டு தட்டிப் போட்டால் போயிற்று.

இரண்டாவது மாவு மில். உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருந்தால், அதே கல்லில் உங்கள் கேழ்வரகோடு அது ஒட்டிக்கொண்டு வரும். சிறுதானியத்தை வாங்கியதும் தட்டில் பரப்பிப் பொறுக்கினால் நாலைந்து கோதுமை மணி கையில் தட்டுப்படும். பொறுக்கி, கழுவி, காயவைத்து, வீட்டிலேயே அரையுங்கள். மூன்றாவது, பொதுப் பாத்திரங்கள். சல்லடை, சப்பாத்தி சுட்ட தோசைக்கல், மரக்கரண்டி, பூரி பொரித்த எண்ணெய். இவற்றைக் குழந்தைக்கென்று தனியாக வைத்துவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரத்தை நன்றாகத் தேய்த்தால் போதும்.

கடைப் பண்டத்தில் "கோதுமை உள்ளது" என்ற வரியைத் தேடுங்கள். ஒவ்வாமைப் பொருள்களை லேபிளில் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். குளுட்டன் இல்லை என்று அச்சிட, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஹோட்டலில் இட்லியும் வீட்டிலிருந்து கொண்டுபோன பொடியும் ஓரளவு பாதுகாப்பு. சாம்பாரில் பெருங்காயம், தோசைக்கல்லில் ரவா தோசையும் பரோட்டாவும்.

"ஒரு வாய் கொடுத்தா என்ன ஆயிடப் போவுது? குழந்தை ஏங்காதா?"

என் மாமியார் கேட்டது. கணக்காகச் சொன்னேன். ஒரு நாளைக்குப் பத்து மில்லிகிராம் குளுட்டன்வரை பெரும்பாலானவர்களின் குடல் தாங்கும். தினமும் ஐம்பது மில்லிகிராம் போனால் சேதம் தொடரும் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு சின்னச் சப்பாத்தியில் சுமார் மூவாயிரம் மில்லிகிராம் இருக்கிறது. அதை அறுபது துண்டாகக் கிள்ளினால் அதில் ஒரு துண்டுதான் அந்த ஐம்பது மில்லிகிராம். அவர் சப்பாத்தி ஒன்றை எடுத்து நிஜமாகவே கிள்ளத் தொடங்கி, இருபதாவது துண்டில் நிறுத்திவிட்டார். அதன் பிறகு வாதம் இல்லை.

சாப்பிட்டவுடன் ஒன்றும் ஆகவில்லையே என்று ஏமாறவும் கூடாது. சில குழந்தைகளுக்கு வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும்.

"நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு. எப்போ எடை ஏறும்? உயரம் வருமா?"

எங்களுக்கு முதலில் தூக்கம் வந்தது. மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி முழுக்க எழாமல் தூங்கினாள், நான்தான் மூன்று தடவை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அப்புறம் பசி. ஒன்பது கிலோவாக இருந்தவள் ஆறு மாதத்தில் பதினொன்றைத் தொட்டாள். உயரம் பின்தங்கித்தான் வரும், 81 சென்டிமீட்டரிலிருந்து ஒரு வருடத்தில் 91. சின்ன வயதில் கண்டுபிடித்தால் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றிரண்டு வருடத்தில் தங்கள் கோட்டைப் பிடித்துவிடுகிறார்கள். மாதம் ஒரு முறை எடை போதும். தினமும் நிறுத்தால் உங்களுக்குத்தான் பைத்தியம் பிடிக்கும்.

"பால் குடிச்சா வயித்தால போகுது. பாலும் ஆகாதா?"

பெரும்பாலும் தற்காலிகம். தேய்ந்த குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி இருக்கிறது. அவை வளர்ந்ததும் அதுவும் திரும்பும். அதுவரை தயிராகக் கொடுத்துப் பாருங்கள். எங்களுக்கு இரண்டு மாதத்தில் சரியாயிற்று.

"நான் ஆறு மாசத்துலயே கோதுமைக் கஞ்சி கொடுத்தேன். அதனாலதான் வந்துச்சா?"

இல்லை. நான்கு மாதத்துக்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் எப்போது கோதுமை தொடங்கினாலும் ஆபத்து கூடுவதோ குறைவதோ இல்லை என்று பெரிய ஆய்வுகளில் தெரிந்தது. தாய்ப்பால் எவ்வளவு நாள் கொடுத்தீர்கள் என்பதற்கும் இதற்கும் தொடர்பு காணவில்லை. கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பையே டாக்டர்கள் வெகுநாள் கண்டுபிடிக்கவில்லை. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். அதை வைத்துத்தான் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் தன் சந்தேகத்தை உறுதிப்படுத்தினார்.

"பெரியவளானா சரியாயிடுமா? மருந்து எதுவும் இல்லையா?"

சரியாகாது. குடல் ஆறிவிடும், ஆனால் கோதுமை வந்தால் திரும்பக் கெடும். பத்தியத்தைத் தவிர இன்றைக்கு வேறு சிகிச்சை கிடையாது. "நாலு மாதத்தில் குணம்" என்று சூரணம் விற்பவர்கள் உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

"பெரிய பையனுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா? அவன் நல்லா குண்டா இருக்கானே?"

எடுங்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்க வாய்ப்பு உண்டு, குண்டாக இருப்பது அதை மறுக்காது. முதல் வகைச் சர்க்கரை நோய், டவுன் சிண்ட்ரோம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய் உள்ள குழந்தைகளுக்கும் பார்க்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் என் கணவருக்கு "உண்டு" என்று வந்தது. முப்பத்தைந்து வயதுவரை அவருக்கே தெரியாது. மகளை "அப்பா மாதிரி ஒல்லி" என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதே அப்பாதான்.

"ஸ்கூல்ல எப்படிச் சமாளிக்கிறீங்க?"

வருடத் தொடக்கத்தில் டீச்சருக்கு ஒரு கடிதம், மருத்துவர் சீட்டின் நகல். அரசுப் பள்ளியின் காலை உணவில் ரவை உப்புமா, சேமியா வரும் நாட்களுக்கு வீட்டிலிருந்து டப்பா. வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் என் மகளுக்கு மட்டும் கடலை மிட்டாய் கொண்ட ஒரு டப்பா டீச்சரின் மேஜையில் எப்போதும் இருக்கும். குழந்தைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். நாலு வயதில் ஒரு கல்யாணத்தில் யாரோ கேசரி நீட்ட, "இது ரவை, எனக்கு வயித்துக்குள்ள சண்டை போடும்" என்றாள்.

"ரொம்பக் கண்டிப்பா இருக்கோம். ஒரு வருஷம் ஆகியும் டிடிஜி இறங்க மாட்டேங்குதே?"

முதலில் அந்த அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். இயல்புக்கு வர ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை ஆகலாம், தொடக்கத்தில் மிக அதிகமாக இருந்தால் இன்னும் மெதுவாக. ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். இறங்காமல் நின்றுவிட்டாலோ ஏறினாலோ எங்கோ கசிகிறது என்று பொருள். பெருங்காயம், மில், எண்ணெய், தாத்தாவின் சட்டைப்பையிலிருக்கும் பிஸ்கட் என்று வரிசையாகத் தேடுங்கள். மருந்தையும் சிரப்பையும் மருந்துக்கடையில் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

எங்களுக்கு இரண்டாம் வருடம் அப்படி ஏறியது. சமையலறையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஒரு மாதம் கழித்துப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது அவள் நகக்கண்ணில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. மழலையர் வகுப்பில் உருட்டி விளையாடும் வண்ணக் களிமண். டீச்சர் வீட்டில் மைதாவும் உப்பும் பிசைந்து சாயம் போட்டுக் கொண்டுவருவாராம். மகளிடம் கேட்டேன், வாயில் வைப்பியா என்று. "உப்பா இருக்கும்மா, நல்லாருக்கும்" என்றாள். இப்போது அந்த வகுப்புக்கு அரிசி மாவில் நான் பிசைந்து அனுப்புகிறேன், நீலம் மட்டும் இரண்டு உருண்டை கூடுதலாக.